ஒரு புறநகர் வார இதழின் வரலாறு

விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டபோது, அது எளிய வேலை என்றே எண்ணினோம். அலுவலக அலமாரியில் பதிவேடுகள் இருக்கின்றன. திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு ஆகிய மூன்றும் முதல் நாள் தொட்டு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. நமக்கு முன் இங்கே பணியாற்றிய குருக்களின் கையெழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதே ஒரு தியானம் போல் இருந்தது. ஆனால் மூன்றையும் புரட்டி முடித்த பிறகு நமக்குக் கிடைத்தது என்ன? யார் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் இறந்தார் என்ற செய்தி மட்டுமே. இந்த ஊருக்கு முதற் பேருந்து எந்த ஆண்டு வந்தது, தெருக்களில் நீர் புகுந்தது எந்த மழையில், பள்ளிக்கு இடம் வேண்டி மக்கள் மனுக் கொடுத்தது யாரிடம், அந்த மனு என்னவாயிற்று என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. பெரியவர்களைக் கேட்டால், ஒருவர் சொல்லும் ஆண்டுக்கும் மற்றவர் சொல்லும் ஆண்டுக்கும் ஆறேழு ஆண்டுகள் இடைவெளி. நகரத்து நாளிதழ்களின் பழைய கட்டுகளைப் பார்த்து வரச் சென்ற இளைஞர் இருவர் ஏறத்தாழ வெறுங்கையோடு திரும்பினர். நம் ஊரின் பெயர் அவர்கள் கண்ணில் பட்டது இரண்டே இடங்களில்: ஒரு கொலை, ஒரு லாரி விபத்து.

இக்குறையை எண்ணிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவில் ஒரு புறநகருக்கென்றே வாரந்தோறும் வெளிவரும் இதழ் ஒன்றைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. ‘ரிவர்டேல் பிரஸ்’ என்பது அதன் பெயர். பங்கின் வரலாறு கிடைத்த அளவுக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுகிறது. இங்கே அந்த இதழின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இத்தகைய இதழ்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பெருநகரத்து நாளிதழ் எவ்வளவு தடித்திருந்தாலும், நகரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. அதற்காக அதன் ஆசிரியரைக் குறை சொல்லுவதும் முறையன்று. ஐம்பது புறநகர்களின் சாக்கடைச் செய்திகளை ஒரே தாளில் போட்டால் யார் படிப்பார்? ஆனால் தன் தெருச் சாக்கடை ஒருவனுக்குச் சிறிய செய்தியன்று. இந்த இடைவெளியில் பிறந்தவைதாம் புறநகர் வார இதழ்கள். மளிகைக்கடைக்காரர், வீட்டுத் தரகர், மருந்துக்கடைக்காரர் ஆகியோர் தரும் விளம்பரங்களும், ‘வீடு வாடகைக்கு’, ‘வேலைக்கு ஆள் தேவை’ போன்ற வரி விளம்பரங்களும் அவற்றைத் தாங்கி நிற்கும். நகரத்து நாளிதழில் விளம்பரம் செய்ய அக்கடைக்காரருக்கு வசதி இல்லை, அவசியமும் இல்லை. ஐந்து மைல் தள்ளி இருப்பவர் அவர் கடைக்கு உப்பு வாங்க வரப்போவதில்லையே!

மாரிஸ் ஜானோவிட்ஸ் என்ற சமூகவியல் அறிஞர், சிகாகோ நகரத்துப் பகுதி இதழ்களை ஆராய்ந்து 1952-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பெருநகர வாழ்வில் மனிதன் தன் அண்டை அயலாரை மறந்து தனித்தீவாகி விடுகிறான் என்று அறிஞர்கள் பலர் சொல்லிவந்த காலம் அது. அப்படி முற்றாக நடந்துவிடவில்லை என்றும், தம் பகுதியில் பிள்ளைகளை வளர்த்து வேர்விட்டவர்களே இவ்விதழ்களை மிகுதியாகப் படிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். ஆயினும் அந்தப் பற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. வேறிடத்தில் நல்ல வீடு கிடைத்தால் மக்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். புறநகர்ப் பங்கில் பணிபுரியும் எந்தக் குருவுக்கும் இது தெரிந்த செய்திதான்.

இனி ரிவர்டேலுக்கு வருவோம். நியூயார்க் மாநகரின் வடகோடியில் பிராங்க்ஸ் என்னும் பெரும்பகுதி இருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில், மேற்கே ஹட்சன் ஆறும் கிழக்கே வான் கார்ட்லண்ட் என்ற பெரிய பூங்காவும் எல்லையாக, மேட்டு நிலத்தில் மரங்களுக்கிடையே அமைந்த ஊர் ரிவர்டேல். ஆற்றோரமாகப் புகைவண்டிப் பாதை வந்தபின், 1853 அளவில், நகரத்து வணிகர்கள் சிலர் நிலம் வாங்கி அதை ஒரு புறநகராகவே திட்டமிட்டு அமைத்தனர். ஆகவே அது பிறவியிலேயே புறநகர். 1874-இல் நியூயார்க் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்ட பின்னும் அதன் இயல்பு மாறவில்லை. எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1901 முதல் 1903 வரை அங்குள்ள ‘வேவ் ஹில்’ என்ற மாளிகையில் வாடகைக்கு இருந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியும் இருபதுகளின் இறுதியில் சிறுவனாக அங்கே படித்தவர். பிறர் அன்பின் சகோதரிகள் ஹட்சன் கரையில் 1850-களில் நிலம் வாங்கி நிறுவிய மவுண்ட் செயின்ட் வின்சென்ட் கல்வி நிலையம் இன்றும் அங்கே இருக்கிறது. கத்தோலிக்கரும் யூதரும் அருகருகே வாழும் ஊர்.

1936-இல் ஹென்றி ஹட்சன் பாலம் திறக்கப்பட்டதும் மன்ஹாட்டனுக்கும் ரிவர்டேலுக்கும் இடையே மோட்டார் வண்டிகள் தடையின்றி ஓடலாயின. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் மணம் புரிந்து வீடு தேடினர். தோட்ட வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழும்பின. பழைய குடிகளுக்குப் புதியவர்களைத் தெரியாது. புதியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. பள்ளியில் இடம் போதவில்லை, சாலை போதவில்லை. இந்நிலையில் டேவிட் ஸ்டைன் என்பவர் தம் துணைவியார் சீலியாவோடு சேர்ந்து 1950-ஆம் ஆண்டில் ‘ரிவர்டேல் பிரஸ்’ இதழைத் தொடங்கினார்.

சிறு இதழ் நடத்துவது இல்லறத்தோடு சேர்ந்த தொழில். கணவர் செய்தி சேகரித்து வந்தால் மனைவி கணக்குப் பார்க்கவேண்டும், மெய்ப்புத் திருத்தவேண்டும், வராத விளம்பரப் பணத்துக்கு நடையாய் நடக்கவேண்டும். பிள்ளைகள் அச்சு மையின் வாடையிலேயே வளர்வார்கள். நம் நாட்டிலும் சிறு அச்சகம் வைத்திருக்கும் குடும்பங்களில் இதைக் காண்கிறோம். ஆசிரியரின் மற்றொரு துன்பமும் உண்டு. நாளிதழ் ஆசிரியர் ஓர் அமைச்சரைக் கண்டித்து எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். புறநகர் இதழின் ஆசிரியரோ, தாம் யாரைக் கண்டித்து எழுதினாரோ அவரையே மறுநாள் காலையில் ரொட்டிக் கடை வரிசையில் சந்திக்க வேண்டியிருக்கும்! பெயரைத் தப்பாக அச்சிட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் நேரே கதவைத் தட்டுவார். ஞாயிறு மறையுரையில் எதையாவது சற்று அழுத்திச் சொல்லிவிட்டுக் கோவில் வாசலில் நின்று மக்களுக்கு வணக்கம் சொல்லும் குருவின் நிலையும் இதற்கு மிகத் தொலைவானதன்று.

இதழ் வியாழக்கிழமை தோறும் வந்தது. பள்ளிகள், பூங்காக்கள், போக்குவரத்து, எந்த மூலையில் எத்தனை மாடிக்கு அனுமதி கேட்கிறார்கள் என்பது, காவல் நிலையச் செய்திகள், பிறப்பு, மணம், மறைவு, வாசகர் கடிதங்கள் ஆகியவை அதன் பொருள்கள். ரிவர்டேலோடு கிங்ஸ்பிரிட்ஜ், ஸ்பைட்டன் டைவில் முதலிய அண்டைப் பகுதிகளையும் அது தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. எழுபதுகளில் நியூயார்க் நகரின் சட்டம் திருத்தப்பட்டு, நகரம் முழுவதும் பகுதிக்கொரு சமூகக் குழு என்ற முறை உறுதிப்பட்டது. ரிவர்டேல் அதில் பிராங்க்ஸின் எட்டாம் குழுவைச் சேர்ந்தது. 1975-இல் ரிவர்டேலின் மரங்களையும் பாறைகளையும் காப்பதற்கென்று கட்டிடம் கட்டுவோர்க்குச் சிறப்பு விதிகளும் வந்தன. இவை கூட்டம் கூட்டமாகப் பேசி முடிவாகும் காரியங்கள். அக்கூட்டங்களில் நாற்காலியில் அமர்ந்து நள்ளிரவு வரை குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து அனுப்புவதுதான் இத்தகைய இதழின் உண்மையான தொண்டு. படிக்கும்போது சலிப்புத் தட்டும். ஆனால் கூட்டத்தில் ஒரு நிருபர் இருக்கிறார் என்று தெரிந்தால் பேசுபவர் அளந்து பேசுவார்.

எழுபதுகளின் இறுதியிலிருந்து ஸ்டைன் தம்பதியரின் மைந்தர்களான பெர்னார்டும் ரிச்சர்டும் பொறுப்பை ஏற்றனர். பெர்னார்டு ஆசிரியர், ரிச்சர்டு அவரோடு சேர்ந்து பதிப்பாளர். தந்தையார் டேவிட் ஸ்டைனின் பெயரை அவ்வூர் அரசுப் பள்ளி ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

இப்படி முப்பத்தொன்பது ஆண்டுகள் அமைதியாக நடந்து வந்த இதழை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது 1989-ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதம். இதை எழுதுவதற்கு நமக்கே சிறிது தயக்கம் இருந்தது. ஆயினும் விட்டுவிட்டால் இந்த வரலாறு வரலாறாகாது.

சல்மான் ருஷ்டி எழுதிய ‘தி சட்டானிக் வெர்சஸ்’ என்ற நாவல் 1988 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அது தங்கள் மறையை இழிவுபடுத்துகிறது என்று இஸ்லாமியப் பெருமக்கள் பல நாடுகளில் கொதித்தனர். அதை இறக்குமதி செய்ய இந்திய அரசு அதே ஆண்டு அக்டோபரில் தடை விதித்தது. 1989 பிப்ரவரி 14 அன்று ஈரான் நாட்டின் தலைவர் ஆயத்துல்லா கோமேனி, ஆசிரியரையும் வெளியீட்டாளரையும் கொல்லவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். ருஷ்டி தலைமறைவானார். அமெரிக்காவில் நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய புத்தகக் கடை நிறுவனங்கள், ஊழியரின் பாதுகாப்பைக் கருதுவதாகக் கூறி, அந்நூலைத் தட்டுகளிலிருந்து எடுத்துவிட்டன.

ரிவர்டேல் பிரஸ் இதைக் கண்டித்தது. பிப்ரவரி 23, வியாழக்கிழமை இதழின் தலையங்கம், அச்சுறுத்தலுக்கு அஞ்சி நூலை மறைத்த கடைகளைக் குறைகூறி, எதைப் படிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை மக்களுக்கே உண்டு என்று வாதிட்டது. அந்நூல் சிறந்தது என்பதன்று அதன் வாதம். கொலை மிரட்டலால் ஒரு நூல் கடையிலிருந்து மறையக்கூடாது என்பதே.

இங்கே நாம் சிறிது நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாவலை நாம் படித்ததில்லை. படிக்கும் ஆவலும் இல்லை. ஒரு சமயத்தார் உயிரினும் மேலாகப் போற்றுவதை ஒருவர் எள்ளி எழுதினால் உள்ளம் எப்படிப் புண்படும் என்பதை நாமும் அறிவோம். நம் ஆண்டவரையும் அன்னையையும் பழித்து எழுதிய நூல்கள் உலகில் குறைவல்ல. மேலும், நூல்களைத் தடை செய்யும் காரியத்தில் நமது கைகளும் தூயவை என்று சொல்லுவதற்கில்லை. படிக்கலாகாத நூல்களின் அட்டவணை ஒன்றைத் திருச்சபை நான்கு நூற்றாண்டுகள் வைத்திருந்தது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் வெளியிடப்பட்ட அது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின் 1966-இல்தான் சட்ட வலிமை இழந்தது. குருமடத்தில் நமக்குப் பாடம் சொன்ன மூத்த குருக்கள் சிலர், தாங்கள் மாணவராய் இருந்தபோது ஒரு நூலைத் திறப்பதற்கு முன் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பில் சிறிது வருத்தமும் கலந்திருந்தது. ஆகவே இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது வேறொரு சமயத்தாரை நோக்கி விரல் நீட்டுவது நம் நோக்கமன்று. மனம் புண்பட்டவன் மறுப்பு எழுதலாம், வாசலில் நின்று முழங்கலாம், வாங்காமல் இருக்கலாம். எழுதியவனைக் கொல்லுவேன், விற்பவனைக் கொளுத்துவேன் என்பது அந்தப் புண்ணுக்கு மருந்தன்று. ரிவர்டேல் பிரஸ் சொன்னது இவ்வளவே என்று நாம் கொள்ளுகிறோம். அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

அவ்விதழ் ஏன் இதில் தலையிட்டது என்று கேட்போர் உண்டு. ஈரானுக்கும் ரிவர்டேலுக்கும் என்ன தொடர்பு? மூலைக்கடை எத்தனை மாடி என்று எழுதவேண்டிய தாளுக்கு உலக விவகாரம் எதற்கு? இக்கேள்வி நமக்கும் எழுந்தது. விடை அந்தத் தலையங்கத்தின் பொருளிலேயே இருக்கிறது. அது ஈரானைப் பற்றி மட்டும் எழுதப்படவில்லை. புத்தகக் கடைகளைப் பற்றி எழுதப்பட்டது. ரிவர்டேல்வாசி ஒருவர் கடைக்குப் போய்ப் புத்தகம் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் வருகிறது என்றால், அது அந்த ஊர்ச் செய்திதான்.

தலையங்கம் வெளிவந்து ஐந்தாம் நாள், பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே இதழின் அலுவலகத்தின்மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. அலுவலகம் தீயால் பெருஞ்சேதம் அடைந்தது. உள்ளே எவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதே நாளில், நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் இரண்டு புத்தகக் கடைகளின்மீதும் தீக்குண்டுகள் வீசப்பட்டன. ரிவர்டேலில் அதைச் செய்தவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவே இல்லை. எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

வார இதழ் வேலை தெரிந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் என்ன என்பது தெரியும். வியாழக்கிழமை வாசகர் கையில் இருக்கவேண்டிய இதழுக்கு, செவ்வாய்தான் எல்லாம் ஒன்றுகூடும் நாள். கடைசி விளம்பரங்கள் வந்து சேரும்; செய்திகள் வெட்டப்பட்டு ஒட்டப்படும்; தலைப்புகள் மாறும்; ஒருவருக்கும் சாப்பிட நேரமிராது. அந்த நாளில் மேசையும் நாற்காலியும் தாள்களும் இல்லை, புகையும் கரியும்தான் இருக்கின்றன என்றால் ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொள்ள எவரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த வார இதழ் அந்த வாரமே வெளிவந்தது. ஒரு இதழ்கூடத் தவறவில்லை. அலுவலகம் பிறகு சீரமைக்கப்பட்டது.

நாம் இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது வியந்தது தலையங்கத்தின் துணிவைக் காட்டிலும் இந்த இரண்டு நாட்களைத்தான். துணிவான ஒரு கட்டுரையை ஓர் இரவில் எழுதிவிடலாம். எரிந்த அலுவலகத்துக்கு வெளியே எங்கேயோ உட்கார்ந்து, அந்த வாரத்துப் பள்ளிக்கூடச் செய்தியையும் மறைவு அறிவிப்பையும் பிழையில்லாமல் சேர்த்து அச்சுக்கு அனுப்புவதற்கு வேறு ஒரு பழக்கம் வேண்டும். முப்பத்தொன்பது ஆண்டுகள் வியாழன் தவறாமல் வந்ததனால் அந்தப் பழக்கம் இருந்தது. அதற்குப் பின்னரும் ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டி ருஷ்டியின் விடுதலைக்காகத் தலையங்கம் எழுதுவதை அவ்விதழ் ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டது. உலகத்துப் பெரிய ஏடுகள் வேறு செய்திகளுக்குப் போய்விட்ட ஆண்டுகளிலும் இந்தச் சிறு ஏடு அதை மறக்கவில்லை.

பெர்னார்டு ஸ்டைனுக்கு 1998-ஆம் ஆண்டில் தலையங்கம் எழுதியதற்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்க இதழாளர்கள் மிக உயர்வாக மதிக்கும் பரிசு அது. ருஷ்டி விவகாரத்துக்காக அது தரப்படவில்லை என்பதைச் சொல்லவேண்டும். நியூயார்க் நகரத்து மக்களைத் தொடும் அரசியலையும் பிற பொருள்களையும் பற்றி அவர் எழுதிய தலையங்கங்களுக்காகத் தரப்பட்டது. பெரும் நாளிதழ்கள் வாங்கும் பரிசை ஒரு வார இதழ் வாங்குவது அரிது. ஆனால் முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 1953-இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெறியர் கூட்டத்தை எதிர்த்த வட கரோலினா மாநிலத்துச் சிற்றூர் இதழ்கள் இரண்டும், 1964-இல் மிசிசிப்பி மாநிலத்தில் வார இதழ் நடத்திய ஹேசல் பிரானன் ஸ்மித் என்ற அம்மையாரும் அதைப் பெற்றவர்கள். அந்த அம்மையாருக்கும் குண்டுவீச்சுப் பழக்கமானதுதான்: ஜாக்சன் நகரின் வடபுறத்துக்கென்று அவர் நடத்திய வார இதழின் அலுவலகம் அதே 1964-இல் தாக்கப்பட்டது.

பரிசு வந்ததால் வாரக் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. தொண்ணூறுகளில் ரிவர்டேலையும் அதன் சுற்றுப்புறத்தையும் உலுக்கிய பெரிய காரியம் ஒரு தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நியூயார்க் நகருக்கு நீர் தரும் அமைப்புகளுள் பழமையானது குரோட்டன். அந்த நீரை வடிகட்டியே தரவேண்டும் என்று கூட்டரசு வற்புறுத்தியது. நிலையத்தை எங்கே கட்டுவது? வான் கார்ட்லண்ட் பூங்காவில் இருந்த கோல்ப் மைதானத்தின் அடியில் என்று நகராட்சி 1998-இல் முடிவு செய்தது. பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்கு எடுப்பதா என்று மக்கள் வழக்குத் தொடுத்தனர். மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2003-இல் சட்டமன்றமே ஒப்புதல் தந்துவிட்டது. அதற்கு ஈடாக பிராங்க்ஸ் பகுதிப் பூங்காக்களுக்கு இருபது கோடி டாலருக்கு மேல் தருவதாக உடன்பாடு. நிலையம் 2015-இல் இயங்கத் தொடங்கியது. செலவு முந்நூறு கோடி டாலரைத் தாண்டிற்று. நாளொன்றுக்கு 29 கோடி காலன் நீரை அது வடிகட்ட வல்லது.

மக்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்லிவிடலாமா? நீதிமன்றத்தில் வென்றார்கள், சட்டமன்றத்தில் தோற்றார்கள், ஈட்டுத் தொகையாகப் பூங்காக்களுக்குப் பணம் பெற்றார்கள். சுத்தமான குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவும் முடியாது. எப்படி இருந்தாலும், பல ஆண்டுகள் நடந்த ஒரு விவகாரத்தை, இடையில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட காலம் வரை, தொடர்ந்து பின்பற்றி எழுதுவது ஊர் இதழால்தான் முடியும். நகரத்து நாளிதழ் தீர்ப்பு நாளன்று வரும். திறப்பு விழா அன்று மறுபடி வரும்.

2008-இல் ஸ்டைன் சகோதரர்கள் இதழை விற்றனர். வாங்கியவர்கள் லாங் ஐலண்டில் புறநகர் வார இதழ்கள் பலவற்றை நடத்திவந்த ரிச்னர் குடும்பத்தார். அதுவும் குடும்பத் தொழில்தான் என்றாலும், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த இதழ் கைமாறியது. விற்றதில் குறை காண்பதற்கில்லை. இணையம் வந்தபின் ‘வீடு வாடகைக்கு’ என்ற வரி விளம்பரங்கள் இலவசமாகக் கணினிக்குப் போய்விட்டன. ஊர் மளிகைக்கடைகளின் இடத்தைப் பெரிய நிறுவனங்கள் பிடித்தன. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,900 செய்தித்தாள்கள் இருந்தன என்றும், 2023 இறுதிக்குள் அவற்றுள் 2,900 அளவில் மறைந்துவிட்டன என்றும், மறைந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வார இதழ்களே என்றும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஊர்களில் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. குறிப்பெடுக்கத்தான் ஆளில்லை.

பெர்னார்டு ஸ்டைன் ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தபின் வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. ஹன்டர் கல்லூரியில் இதழியல் கற்பித்து, அம்மாணவர்களைக் கொண்டே தெற்கு பிராங்க்ஸில் 2006-இல் ‘ஹண்ட்ஸ் பாயின்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். ரிவர்டேல் வசதியானவர்களின் ஊர். ஹண்ட்ஸ் பாயின்ட்டோ, வறுமையாலும் லாரிப் புகையாலும் நெடுங்காலம் வாடிய இடம். அங்கே மளிகைக்கடை விளம்பரத்தை நம்பி இதழ் நடத்த முடியாது. ஆனாலும் ஓர் ஊருக்கு இதழ் வேண்டுமென்றால் அந்த ஊருக்குத்தான் முதலில் வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும். அவருடைய செயல்கள் அனைத்திலும் நம் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுவே.

ருஷ்டியின் கதையும் 1989-இல் முடிந்துவிடவில்லை. 2022 ஆகஸ்ட் 12 அன்று, நியூயார்க் மாநிலத்திலேயே, ஒரு கூட்ட மேடையில் அவர் கத்தியால் குத்தப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அவரைக் குத்தியவர், 1989-இல் அந்த ஆணை பிறந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

நம் சென்னையிலும் தொண்ணூறுகளில் அடையாறு, மயிலாப்பூர், மாம்பலம் என்று பகுதிப் பெயர் தாங்கிய இதழ்கள் ஆங்கிலத்தில் தோன்றி வீட்டு வாசல்களுக்கு வந்ததைப் பலர் அறிவீர்கள். நம் ஊர் அவற்றின் எல்லைக்கு வெளியே இருந்துவிட்டது. நமக்கென்று இருந்தது பங்கு மடல் ஒன்றே. முன்பு ரோனியோ பொறியிலும் பிறகு கணினியிலும் அச்சிடப்பட்ட அந்த ஒற்றைத் தாளில், பூசை நேரங்களுக்குக் கீழே சில வேளைகளில் ஊர்ச் செய்தியும் இரண்டு வரி இருக்கும். தண்ணீர் லாரி இனி எந்தக் கிழமை வரும் என்ற அறிவிப்பு ஒன்றை அப்படித்தான் கண்டெடுத்தோம், தேதியோடு இருந்தது. அலுவலகத்தில் எஞ்சியிருப்பவை பதினேழு தாள்கள் மட்டுமே. பழைய மடல்களைச் செபப் புத்தகத்துக்குள்ளோ அரிசிப் பெட்டியின் அடியிலோ வைத்திருக்கும் குடும்பத்தார், ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தால், இளைஞர்கள் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவார்கள்.